ரமண மகரிஷியின் இறுதி நோய்: சிகிச்சைக்கு இசைதலும் மறுத்தலும்

புற்று என்பது கறையான் கட்டும் மண்மேடு. புறத்தே சாணளவு தோன்றும். அகத்தே எத்துணை வழிகள், எத்துணை ஆழம் என்பது அதனை வெட்டிப் பார்த்தவனுக்கே தெரியும். உடம்பில் எழுந்து அடங்காது பரவும் ஒரு நோய்க்கு அச்சொல்லையே பெயராக வழங்கிய நம் முன்னோர் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. கிரேக்கர் அந்நோயை நண்டு என்றனர். ஹிப்போகிரட்டீஸ் காலந்தொட்டு வழங்கும் அப்பெயரே ஐரோப்பிய மொழிகளிற் சென்று நிலைத்தது. நண்டினும் புற்றே பொருத்தமுடைய உவமை என்பது எமது துணிபு. நண்டின் கால்கள் கண்ணுக்குத் தெரியும், புற்றின் வழிகளோ தெரிவதில்லை.

திருவண்ணாமலைப் பெருங்கோயிலினின்றும் செங்கம் சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வார், மலையடிவாரத்தில் ரமணாசிரமத்தைக் காண்பர். 1922-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் இறந்த தம் அன்னையின் சமாதியை ஒட்டி ரமண மகரிஷி தங்கத் தொடங்கியபின் வளர்ந்த இடம் அது. அவ்விடத்தே, 1949-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 1950 ஏப்ரல் வரை, முற்றிய புற்றுநோயுடன் ஒருவர் பலர் கண்முன்னே வாழ்ந்தார். அவர் நோயைப் பற்றி இன்றும் பலவாறு பேசுவர். ‘மகரிஷி வைத்தியத்தை வெறுத்தார், கத்தியை மறுத்தார், ஆதலின் ஞானிக்கு ஆஸ்பத்திரி வேண்டுவதில்லை’ என்று கூறுவாரும் உளர். அக்கூற்று எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று ஆராய்வதே ஈண்டு எமது கருத்து. இஃது ஓர் வரலாற்று வினா மட்டுமன்று. இத்தகைய நோயுற்ற எளியோர் பலர், ‘பெரியோரே வேண்டாவென்றார்’ என்னும் சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டு வைத்தியம் செய்யாது நாள் கடத்துவராயின், அச்சொல்லின் பிழை உயிருக்கே இறுதியாகும்.

நடந்தவற்றை முதற்கண் காண்போம். மகரிஷிக்கு அப்போது வயது அறுபத்தொன்பது. இடது முழங்கையின் அருகே ஒரு சிறு கட்டி எழுந்தது. 1949 பிப்ரவரி 9-ஆம் நாள் ஆசிரமத்து வைத்தியர்கள் அதனை அறுத்தெடுத்தனர். ஆறிவிட்டதென்று கருதிய இடத்தே ஒரு மாதத்திற்குள் கட்டி மீண்டும் தோன்றிற்று. மார்ச்சு 27-ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த டாக்டர் ராகவாச்சாரி இரண்டாம் முறை அறுவை செய்தார். கட்டியின் தசையைப் பரிசோதித்தபோது அது ‘சார்கோமா’ என்பது தெரிந்தது. பின்னர் ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தனர். புண் ஆறவில்லை, கட்டி முன்னினும் பெரிதாய், மேல் நோக்கி வளர்ந்தது. ஆகஸ்டு 7-ஆம் நாள் மூன்றாம் அறுவை. டிசம்பர் 19-ஆம் நாள் நான்காம் அறுவை. இவற்றினிடையேயும் இவற்றின் பின்னும் பச்சிலை வைத்தியம், ஓமியோபதி, ஆயுர்வேதம் என ஒன்றன்பின் ஒன்றாக முயன்றனர். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு அவர் உயிர் பிரிந்தது.

நான்கு முறை கத்திக்குத் தம் கையைக் கொடுத்தவரை, கத்தியை மறுத்தவர் என்று கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்? அவர் மறுத்தது ஒன்றே. கையை முழுதும் வெட்டி நீக்கினால் உயிர் பிழைக்கக்கூடும் என்று வைத்தியர் கூறியபோது, அதற்கு மட்டும் அவர் இசையவில்லை. அஞ்சவேண்டா, உடம்பே ஒரு நோய், அதன் இயல்பான முடிவை அது அடையட்டும், அங்கத்தைக் குறைப்பானேன், கட்டுக் கட்டினால் போதும் என்னும் கருத்துப்படக் கூறினார். மற்றச் சிகிச்சைகளைத் தாம் வேண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எந்த வைத்தியம் செய்யலாம் என்று வினவினாரிடம், நானா சிகிச்சை கேட்டேன், வேண்டுமென்பவர் நீங்களே, நீங்களே கூடி முடிவு செய்யுங்கள் என்றார். வலியில்லை என்றும் அவர் நடிக்கவில்லை. வலி உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்; அதனைத் தாமென்று கொள்ளவில்லை, அவ்வளவே.

பிறர் நோயில் அவர் எவ்வாறு இருந்தார் என்பதையும் நினைத்தல் வேண்டும். 1914-இல் தம் அன்னை நச்சுக் காய்ச்சலால் வருந்தியபோது, அவள் நோய் தீருமாறு அருணாசலத்தை வேண்டி நான்கு பாடல்கள் இயற்றினார். தம் உடம்பைப் பொருட்படுத்தாதவர் தாயின் உடம்பைப் பொருட்படுத்தினார். ‘ஞானி நோயை மதியான்’ என்று பொதுவிதி கூறுவோர் இந்நான்கு பாடல்களுக்கு என்ன விடை கூறுவரோ, அறியேம்.

இனி, அந்நோய் யாதென்று சிறிது விளக்குவோம். மக்கள் இதனைத் தோற்புற்று என்றே சொல்லுதல் வழக்கமாயினும், நுட்பமாகப் பார்ப்பின் இரண்டும் வேறு. தோலின் மேற்படையிலும் உறுப்புகளின் உட்போர்வையிலும் எழுவது ஒரு வகை. அவற்றின் கீழுள்ள தசை, கொழுப்பு, நரம்பின் உறை, எலும்பு முதலியவற்றில் எழுவது மற்றொரு வகை. பின்னதே சார்கோமா. கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் ஊன். வார்த்தை மாம்சமானதைக் கூறும் யோவான் சுவிசேஷத்தில் மூலமொழியில் நிற்கும் சொல்லும் அதுவே. ஊனில் எழுந்து தோலைப் பிளந்துகொண்டு புண்ணாகும்போது, காண்பவர்க்கு அது தோலின் நோயாகவே தோன்றும்.

தோலிலேயே எழும் புற்றைப் பற்றியும் ஒரு சொல். வெயில் தாங்காத வெண்ணிற மக்களிடையே அது மிகுதி. கருநிறமே நமக்கு ஒரு குடை. ஆயினும் குடைக்கு வெளியே நிற்கும் இடங்கள் சில உள. உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் தோன்றும் கரும்புள்ளி, ‘மெலனோமா’ என்னும் கொடிய வகையாக இருக்கலாம். பல்லாண்டுகட்கு முன் தீச்சுட்ட வடு மீண்டும் புண்ணாகி ஆறாதிருப்பின், அது புற்றாக மாறியிருக்கலாம். காசுமீரத்தில் குளிருக்காக வயிற்றருகே நெருப்புச் சட்டியை அணைத்துக்கொள்பவர்க்கு அவ்விடத்துத் தோலில் புற்று வருதலையும், வேட்டியை இறுகக் கட்டும் இடுப்பில் வருதலையும் இந்திய வைத்தியர் கண்டு எழுதியுள்ளனர். கிரிவலம் வருவோர் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். நடந்தபின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார் எத்துணைப் பேர்?

கட்டி ஏன் திரும்பத் திரும்ப வந்தது? சார்கோமா ஒரு பழத்தைப் போலத் தோல் போர்த்து நிற்பது போலத் தோன்றும். மெய்யில் அதன் இழைகள் அத்தோலைக் கடந்து சுற்றியுள்ள தசையில் ஊடுருவியிருக்கும். பழத்தை மட்டும் எடுத்தால் வேர் எஞ்சும். ஆதலின் இக்காலத்து விதி யாதெனின், வளர்ந்து வருவதும், ஆழ்ந்திருப்பதும், ஐந்து சென்டிமீட்டரினும் பெரியதுமான எந்தக் கட்டியையும் முன்னே அறுக்கலாகாது. முதலில் காந்த அலைப்படம் எடுத்து, தடித்த ஊசியால் சிறு துணுக்குத் தசையை வாங்கிப் பரிசோதித்து, சார்கோமா பெரும்பாலும் நுரையீரலுக்கே தாவுமாதலின் மார்பையும் ஊடுகதிர்ப்படத்தால் ஆராய்ந்து, அறுவை மருத்துவரும் கதிர் மருத்துவரும் மருந்து மருத்துவரும் ஒருங்கிருந்து எண்ணிய பின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும். 1949-இல் காந்த அலைப்படம் இல்லை. சிறு கட்டியைச் சிறு கட்டியாகவே எண்ணி எடுத்தனர். அந்நாளைய அறிவைக் கொண்டு செய்தவரைக் குறை கூறுதல் முறையன்று. இன்றும் ஊர்தோறும் ‘சாதாரணக் கொழுப்புக் கட்டி’ என்று பரிசோதனையின்றி அறுத்துவிடுதல்தான் வருந்தத்தக்கது.

ரேடியத்தின் தொழிலையும் கூறுவாம். கியூரி தம்பதியர் 1898-இல் கண்டறிந்த அத்தனிமம் இடைவிடாது கதிர்களை உமிழ்வது. அதன் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் செல்லும். அதனைச் சிறு குழலில் அடைத்துக் கட்டியின்மேலோ உள்ளேயோ வைப்பின், அருகிலுள்ள அணுக்கள் அழியும். சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1934-இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் அக்காலத்தே நம் மாகாணத்தின் பெருமையாக விளங்கிற்று. குறை யாதெனின், ரேடியத்தின் கதிர் அண்மையில் மிகுந்து சேய்மையில் விரைந்து குறைவது. பரந்து ஆழ்ந்த கட்டியின் ஓரங்களை எட்டுமுன் அது நலிந்துவிடும். எட்டுமாறு மிகுத்தாலோ நல்ல தசை வெந்துபோம். பின்னர் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. 1923-இல் தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த துயரமே அதற்கு வித்து. இக்காலத்துக் கருவிகள் பல திசைகளினின்றும் கதிர்களைச் செலுத்தி, அவை கட்டியில் மட்டும் ஒன்றுகூடுமாறு செய்கின்றன.

கையை வெட்டியிருந்தால் மகரிஷி பிழைத்திருப்பாரா என்று வினவுவார் உளர். அவர் ஒருவரைக் குறித்து விடை கூறல் இயலாது. ஆனால் அவ்வினாவின் பொது வடிவிற்கு 1982-இல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ரோசன்பர்க் என்பாரும் அவர் துணைவரும், கைகால்களில் சார்கோமா உற்ற 43 பேரை இரு பிரிவாக்கினர். 16 பேருக்கு அவ்வுறுப்பு முழுதும் நீக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகல எடுத்துக் கதிர் வைத்தியம் செய்தனர். இரு பிரிவினர்க்கும் மருந்துகளும் கொடுத்தனர். உறுப்பைக் காத்தவருள் நால்வர்க்குக் கட்டி அதே இடத்தில் திரும்பிற்று. ஆயினும் உயிர் வாழ்ந்த கால அளவில் இரு பிரிவினர்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. அதன்பின் உறுப்பைக் காத்தலே பொதுவிதியாயிற்று, வெட்டுதல் அரிதாயிற்று. 1949-இல் ஒரு முதியவர் ‘அங்கத்தைக் குறைப்பானேன்’ என்று கேட்ட வினாவையே முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து விஞ்ஞானம் தன் வழியிற் கேட்டு விடை கண்டது எனலாம். இதனால் அவர் முன்னறிந்து கூறினார் என்று சொல்லத் துணியேம். அவர் கூறிய காரணம் வேறு.

மறுப்பு எப்போதும் இவ்வாறு பொருந்திவிடுவதன்று என்பதற்கு வேறொருவர் சரிதம் உண்டு. ஜமைக்காத் தீவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் மெலனோமா கண்டது. விரலை நீக்க வைத்தியர் கூறினர். தம் சமயக் கொள்கை பற்றி அவர் இசைந்திலர். நகத்தையும் அதன் அடித்தசையையும் மட்டும் எடுத்துத் தொடையின் தோலை ஒட்டினர். நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிற்று. 1981 மே 11-ஆம் நாள் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். எழுபதை அணுகிய துறவி மறுத்தது தோளோடு ஒரு கையை. இளமை மாறாத ஒருவர் மறுத்தது ஒரு விரலை. ‘இல்லை’ என்னும் சொல் ஒன்றாயினும், அதன் விலை ஒன்றன்று.

திருக்குறளில் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, வைத்தியத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்னும் நான்காகப் பகுக்கின்றது. பரிமேலழகர் இவை ஒவ்வொன்றையும் மீண்டும் நான்காக விரித்து, நோயாளியின் பாற்பட்டவை கையிற் பொருளுண்மை, மருத்துவன் காட்டும் வழியில் நடத்தல், தன் நிலையை மறையாது கூறல், மருந்தின் வருத்தத்தைத் தாங்கல் என்று கொள்வர். சிகிச்சை தொடங்கவிருக்கும் ஒருவன் ஆயத்தமாவதற்கு இதனினும் சுருங்கிய அட்டவணை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதன்று.

பொருளைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அதற்குரிய அட்டையைச் சிகிச்சைக்கு முன்னரே பெற்றுக்கொள்ளல் நலம். திருவண்ணாமலையினின்றும் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் சென்றால் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சற்றே அப்பால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. கதிர் வைத்தியம் பெரும்பாலும் வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம் நீளுமாதலின், தங்குமிடத்தையும் முன்னரே ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். பாதியில் நின்ற சிகிச்சை பலவற்றிற்கு நோயின் கொடுமை காரணமன்று, பேருந்துக் கட்டணமே காரணம்.

மறையாது கூறல் என்பதில்தான் நம்மவர் மிகத் தவறுகின்றனர். கட்டியின்மேல் எந்த இலையை அரைத்துக் கட்டினோம், எந்தச் சூரணத்தை உண்டோம் என்பதை மருத்துவர் சினப்பரோ என்று மறைப்பர். சில சரக்குகள் கல்லீரலைத் தாக்கும். சில, புற்றுக்கு எதிராகக் கொடுக்கும் மருந்தின் வலிமையை மாற்றிவிடும். இதயத்தில் பழைய நோய் உண்டாயின் கட்டாயம் சொல்லல் வேண்டும். சார்கோமாவுக்குப் பெரிதும் பயன்படும் ‘டாக்சோரூபிசின்’ என்னும் செந்நிற மருந்து இதயத்தை வலிகுன்றச் செய்ய வல்லதாதலின், அதற்கு முன் இதயத்தின் மீயொலிப்படம் எடுப்பர. இளைஞராயின், பிற்காலத்தில் மகப்பேறு வேண்டுமென்னும் எண்ணத்தை நாணாது கூறல் வேண்டும். வித்தைச் சேமித்து வைக்கும் வழி இன்று உண்டு, ஆனால் மருந்து தொடங்கிய பின் அவ்வழி அடைபடலாம். புண் துர்நாற்றம் வீசுவதைச் சொல்லவும் கூசுவர். அதற்காகவே வீட்டில் தனியறையில் ஒடுங்கியவர் பலர். மெட்ரோனிடசோல் என்னும் மலிவான மருந்தைப் பொடித்துப் புண்ணில் தூவினாலே அந்நாற்றம் பெரிதும் தணியும் என்பதை அவர்க்கு எவரும் கூறியிருப்பதில்லை.

மருத்துவன் வழி நடத்தல் என்பதை வாய்மூடி நிற்றல் என்று பொருள்கொள்ளலாகாது. கேட்கவேண்டிய வினாக்களுள் தலையாயது ஒன்று: இச்சிகிச்சை நோயை வேரறுக்கவோ, வாழ்நாளை நீட்டிக்கவோ, வலியைக் குறைக்கவோ, எதன்பொருட்டு? முற்றிய நோயில் இம்மூன்றும் வேறு வேறாம். விடையும் காலந்தோறும் மாறுவது. பரவிய மெலனோமாவுக்கு மருந்தே இல்லை என்று இருந்த நிலையை, உடம்பின் காவற்படையையே நோயின்மேல் ஏவும் மருந்துகள் 2011 முதல் மாற்றின. அதற்கு அடிகோலிய ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2015-இல், தொண்ணூறாம் வயதில், மூளைக்குப் பரவிய மெலனோமாவுடன் சிகிச்சை தொடங்கினார். தொடங்கிய அவ்வாரத்து ஞாயிறன்றே தம் ஊர் ஆலயத்தில் வேதபாட வகுப்பும் நடத்தினார். அவர் இறந்தது 2024 டிசம்பரில், நூறாம் வயதில். எல்லார்க்கும் இவ்வாறு வாய்க்கும் என்று எண்ணுதல் பேதைமை. எவர்க்கும் வாய்க்காது என்று கேளாமலே இருத்தல் அதனினும் பேதைமை. எல்லை வகுக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. தேறமுடியாத நிலையில் எச்சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்னரே எழுதிவைக்கலாம் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சு 9-இல் தீர்ப்பளித்தது.

நால்வருள் இறுதியாக எண்ணப்படும் அருகிருப்போனைப் பற்றிப் புத்தகங்கள் சுருங்கவே பேசும். நோயாளி உறங்கும்போதும் உறங்காதவர் அவர். ரமணாசிரமத்தில் அத்தகையோர் பலர் இருந்தமையால் ஒரு தொல்லையும் நேர்ந்தது; ஒவ்வொருவரும் தாம் அறிந்த வைத்தியரே சிறந்தவர் என்றனர். ஒன்றை முற்றச் செய்யுமுன் மற்றொன்று தொடங்கிற்று. அன்பு மிகுந்த வீடுகளில் இன்றும் இதுவே நடக்கின்றது. நோயாளி தம் விருப்பத்தைச் சொல்லாது விடின், சூழ்ந்திருப்போர் விருப்பங்களே பலவாகப் பெருகும். ‘நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்னும் விடை மகரிஷிக்கு இயல்பாயிற்று. மற்றையோர் வீட்டுத் தலைவராயின் அவ்விடை மனைவி மக்களுக்குப் பெருஞ்சுமையாம் என்று எமக்குத் தோன்றுகின்றது.

நோய் முற்றிய நாள்களிலும், தம்மைக் காண வருவோரைத் தடுக்க அவர் இசையவில்லை. சிறு அறையில் அவர் படுத்திருக்க, வாயிலின் வழியே மக்கள் வரிசையாகக் கண்டு சென்றனர். ஏப்ரல் 14 மாலையில் தம்மை நிமிர்த்தி உட்காரவைக்குமாறு பணியாளரிடம் கூறினார். புறத்தே அடியார் சிலர் அவர் இயற்றிய அக்ஷரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அருகிருந்த மருத்துவர் ஒருவர் மூச்சுக்குத் துணையாகப் பிராணவாயுவைக் கொடுக்க முயன்றார். மகரிஷி தம் வலக்கையை அசைத்து அதனை விலக்கினார்.